உபுண்டு 24.04-க்கு மாறிய பிறகு பிஎச்பி எக்ஸ்டென்ஷன்கள்: டெர்மினலில் இருக்கு, சைட்டில் இல்லை

மருதநிலம் (கேள்வி)

வணக்கம். 1 ஜிபி ரேம் உள்ள ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). வெப் சர்வர் என்ஜின்எக்ஸ், சைட்டுக்கான பிஎச்பியை ஓட்டுவது பிஎச்பி-எஃப்பிஎம். உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு அப்கிரேடு செய்ததில் பிஎச்பி 8.1 போய் 8.3 வந்திருக்கிறது. சைட் ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு. எழுத்து எண்ணவும் அகரவரிசைப்படுத்தவும் இன்டல் எக்ஸ்டென்ஷன் (பிஎச்பியோடு சேரும் கூடுதல் மாட்யூல்), கேஷுக்கு ரெடிஸ், வேர்ச்சொல் பிரிக்க முந்தைய டெவலப்பர் சி-யில் எழுதிக் கொடுத்த "வேர்சொல்" என்ற எக்ஸ்டென்ஷன், இந்த மூன்றும் வேண்டும். வேர்சொல் உள்ளே கூப்பிடுவது ஸ்னோபாலின் லிப்ஸ்டெம்மர் லைப்ரரியை. அதன் சோர்ஸ் கையில் இருக்கிறது: ஒரு .சி ஃபைல், அதை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஒரு கான்ஃபிக்.எம்4, அவ்வளவுதான்.

இப்போதைய நிலை:

இன்டல்: டெர்மினலில் "பிஎச்பி -எம்" கொடுத்தால் பட்டியலில் வருகிறது. சைட்டைத் திறந்தால் "கால் டு அன்டிஃபைன்ட் ஃபங்ஷன் கிராஃபீம்_எஸ்டிஆர்லென்" என்று விழுகிறது. என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்தும் மாற்றமில்லை.

வேர்சொல்: பழைய /யுஎஸ்ஆர்/லிப்/பிஎச்பி/20210902 ஃபோல்டரில் இருந்த, கம்பைல் ஆன .எஸ்ஓ ஃபைலை 20230831 ஃபோல்டருக்குக் காப்பி செய்தால், மாட்யூல் ஏபிஐ 20210902, பிஎச்பி ஏபிஐ 20230831, இரண்டும் பொருந்தவில்லை என்று வார்னிங்.

ரெடிஸ்: எக்ஸ்டென்ஷன்களை இன்ஸ்டால் செய்யும் பெக்கில் கருவியில் "பெக்கில் இன்ஸ்டால் ரெடிஸ்" கொடுத்தால் ஏற்கெனவே இன்ஸ்டால் ஆகியிருக்கிறது என்கிறது. ஆனால் 8.3-இல் எங்கேயும் இல்லை.

எந்த வரிசையில் போவது சரி? அடுத்த மாதம் இதையே டாக்கருக்குக் கொண்டுபோகும் யோசனையும் இருக்கிறது. அங்கே வேறு வழியா?


கல்லணை (பதில்)

இன்டலை முதலில் முடிச்சிடலாம், அதுதான் சைட்டை நிறுத்தி வெச்சிருக்கு.

டெர்மினலில் பேசுற பிஎச்பியும் சைட்டுக்குப் பதில் சொல்ற பிஎச்பியும் ஒரே ஆள் இல்லை. டெபியன், உபுண்டுவில் ரெண்டுக்கும் தனித்தனி ஐஎன்ஐ (செட்டிங்ஸ்) ஃபைல்கள்: ஒண்ணு /எட்சி/பிஎச்பி/8.3/சிஎல்ஐ, இன்னொண்ணு /எட்சி/பிஎச்பி/8.3/எஃப்பிஎம். அதனால் "பிஎச்பி -எம்" சொல்றது சிஎல்ஐ, அதாவது டெர்மினல் நிலவரம் மட்டும்தான். எஃப்பிஎம்மின் நிலவரத்தை எஃப்பிஎம் பைனரியிடமே கேட்கலாம், நிறைய பேருக்கு இது தெரியாது:

சூடோ பிஎச்பி-எஃப்பிஎம்8.3 -எம்

சூடோ இல்லாமல் அடிச்சு "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" வந்தா பதற வேண்டாம், பைனரி /யுஎஸ்ஆர்/எஸ்பின் உள்ளே இருக்கு.

அடுத்து, என்ஜின்எக்ஸ் யாரிடம் அனுப்புதுன்னு பாருங்க:

கிரெப் -ஆர் ஃபாஸ்ட்சிஜிஐ_பாஸ் /எட்சி/என்ஜின்எக்ஸ்/
எல்எஸ் -எல் /ரன்/பிஎச்பி/

டிஸ்ட்ரோ அப்கிரேடு உங்க சைட் கான்ஃபிக்கைத் தொடாது. அங்கே php8.1 சாக்கெட் (என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் பேசிக்கிற ஃபைல்) என்று எழுதியிருந்தா, 8.1 எஃப்பிஎம் பேக்கேஜும் நீங்காமல் ஓடிக்கிட்டு இருந்தா, சைட் இன்னும் 8.1-இலேயே நிற்கும். அப்படியானால் 8.1-இன் இன்டல் மட்டும் எப்படிக் காணாமல் போகும்னு கேட்பீங்க. 22.04-இன் இன்டல் பேக்கேஜ் லிப்ஐசியு70 என்ற யூனிகோடு லைப்ரரியைச் சார்ந்தது. 24.04-இல் இருப்பது லிப்ஐசியு74. அப்கிரேடு முடிவில் "காலாவதியான பேக்கேஜ்களை நீக்கவா" என்ற கேள்விக்கு ஆம் சொல்லும்போது 70 போகும், கூடவே அதைச் சார்ந்த இன்டலும் போகும். எஃப்பிஎம்முக்கு நேரடியா ஐசியு தேவையில்லை, அதனால் அது தங்கிடலாம். உங்க அறிகுறிகளுக்கு இதுதான் அச்சு அசலாப் பொருந்துது.

ஆக மூணு சாத்தியம்.

எஃப்பிஎம்8.3 -எம் பட்டியலில் இன்டல் இருக்கு, சாக்கெட் 8.1: கான்ஃபிக் வரியை 8.3 சாக்கெட்டுக்கு மாத்தி, "என்ஜின்எக்ஸ் -டி" கொடுத்துச் சரிபார்த்து, ரீலோடு.

பட்டியலில் இருக்கு, சாக்கெட்டும் 8.3, ஆனாலும் சைட்டில் இல்லை: எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யலை. என்ஜின்எக்ஸை எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணினாலும் பிஎச்பிக்கு அது தெரியவே தெரியாது. எக்ஸ்டென்ஷன்கள் மாஸ்டர் பிராசஸ் கிளம்பும்போது ஒரு முறைதான் லோடு ஆகும். "சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் பிஎச்பி8.3-எஃப்பிஎம்".

பட்டியலிலேயே இல்லை: எஃப்பிஎம்மின் கான்ஃப்.டி ஃபோல்டரில் 20-இன்டல்.ஐஎன்ஐ என்ற சிம்லிங்க் (ஷார்ட்கட்) இல்லை. கையால் லிங்க் போடாதீங்க.

சூடோ பிஎச்பிஎன்மாட் -வி 8.3 -எஸ் எஃப்பிஎம் இன்டல்

கையால் போடக்கூடாதுன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எதை யார் ஆன் பண்ணினது, யார் ஆஃப் பண்ணினதுன்னு /வார்/லிப்/பிஎச்பி/மாட்யூல்ஸ் ஃபோல்டரில் ஒரு கணக்கு இருக்கும். எப்பவோ ஒருத்தர் பிஎச்பிடிஸ்மாட் அடிச்சிருந்தா "அட்மின் அணைத்தது" என்ற குறிப்பு அங்கே நிற்கும். அதுக்கப்புறம் பேக்கேஜை நீக்கி மறுபடி போட்டாலும் அது ஆன் ஆகாது. "ரீஇன்ஸ்டால் பண்ணியும் வரலை" என்று வரும் கேள்விகளில் பாதி இந்த ரகம். பிஎச்பிஎன்மாட் அந்தக் குறிப்பையும் சேர்த்துத் திருத்தும்.

ஒரு எச்சரிக்கை: பேக்கேஜ் பெயரை வெர்ஷன் நம்பரோடு கொடுங்க. ஓந்த்ரே சுரியின் பிபிஏ (பல பிஎச்பி வெர்ஷன்கள் தரும் தனி பேக்கேஜ் களஞ்சியம்) சேர்த்த சர்வரில் வெறும் "பிஎச்பி-இன்டல்" என்று கொடுத்தா, அன்றைக்கு எது புது வெர்ஷனோ அதைத்தான் இழுத்துட்டு வரும். கேட்டது 8.3-க்கு ஒரு எக்ஸ்டென்ஷன், வந்தது இன்னொரு முழு பிஎச்பி, கூடவே டெர்மினலில் "பிஎச்பி" என்றால் எதுன்னும் மாறிடும்.


சிநிரலன் (பதில்)

வேர்சொல் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வேறு பிஎச்பி வெர்ஷனின் .எஸ்ஓ ஃபைலைக் காப்பி செய்வது எந்தக் காலத்திலும் வேலை செய்யாது. ஃபோல்டர் பெயராக நிற்கும் எண்தான் ஸெண்ட் மாட்யூல் ஏபிஐ எண். 7.4-க்கு 20190902, 8.0-க்கு 20200930, 8.1-க்கு 20210902, 8.2-க்கு 20220829, 8.3-க்கு 20230831, 8.4-க்கு 20240924. ஒவ்வொரு மைனர் வெர்ஷனிலும் உள் ஸ்ட்ரக்சர்களின் அமைப்பு மாறுவதால் இந்த எண் மாறுகிறது. எண்ணைப் பார்க்காமல் லோடு செய்ய விட்டால் மெமரியில் தப்பான இடத்தைத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட் ஆகும். அந்த வார்னிங் உங்களைக் காப்பாற்றிய வார்னிங். 8.3-க்குள்ளேயே வரும் செக்யூரிட்டி அப்டேட்களில் எண் மாறாது, ஆகவே ஒரு முறை கம்பைல் செய்தால் 24.04 இருக்கும்வரை போதும்.

தேவையானவை:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி8.3-டெவ் பில்ட்-எசென்ஷியல் லிப்ஸ்டெம்மர்-டெவ்

சோர்ஸ் ஃபோல்டரில் 8.1 காலத்து மிச்சங்கள் இருந்தால் முதலில் அவை போக வேண்டும். பழைய .எல்ஓ ஃபைல் ஒன்று தங்கினாலும் மேக் அதைப் புதுசு என்று நினைத்து அப்படியே லிங்க் செய்துவிடும். கம்பைல் வெற்றி என்று காட்டும், ஏபிஐ வார்னிங் மட்டும் போகாது. பிறகு வரிசையாக:

பிஎச்பைஸ்8.3 --கிளீன்
பிஎச்பைஸ்8.3
./கான்ஃபிகர் --வித்-பிஎச்பி-கான்ஃபிக்=/யுஎஸ்ஆர்/பின்/பிஎச்பி-கான்ஃபிக்8.3
மேக்

பிஎச்பைஸிலும் பிஎச்பி-கான்ஃபிக்கிலும் 8.3 என்ற வாலை விடாதீர்கள். வால் இல்லாத பெயர் ஆல்டர்நேட்டிவ்ஸ் (எந்த வெர்ஷன் இயல்பானது என்ற சிஸ்டம் செட்டிங்) காட்டும் திசையில் போகும். இரண்டு வெர்ஷன் உள்ள மெஷினில் பிஎச்பைஸ் ஒன்றுக்கும் கான்ஃபிகர் இன்னொன்றுக்கும் போய் நிற்பது சகஜம். பிஎச்பைஸ் ஓடியதும் மூன்று எண்களை அச்சிடும். அதில் 20230831 வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டால் மேற்கொண்டு போகும் நேரம் மிச்சம்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் அந்த இடத்திலேயே சோதியுங்கள்:

பிஎச்பி8.3 -என் -டி எக்ஸ்டென்ஷன்=$பிடபிள்யூடி/மாட்யூல்ஸ்/வேர்சொல்.எஸ்ஓ --ஆர்ஈ வேர்சொல்

-என் என்றால் எந்த ஐஎன்ஐ-யும் படிக்காமல் ஓடும். வேறு எக்ஸ்டென்ஷன்களின் சத்தம் கலக்காது. --ஆர்ஈ அந்த எக்ஸ்டென்ஷன் என்னென்ன ஃபங்ஷன் தருகிறது என்று காட்டும். முழுப் பாதை கொடுத்தால் எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரில் தேடாமல் அந்த ஃபைலையே எடுக்கும்.

சரியாக வந்தால் "சூடோ மேக் இன்ஸ்டால்". பிறகு /எட்சி/பிஎச்பி/8.3/மாட்ஸ்-அவைலபிள்/வேர்சொல்.ஐஎன்ஐ என்று ஒரு ஃபைல், உள்ளே இரண்டே வரி:

; பிரையாரிட்டி=30
எக்ஸ்டென்ஷன்=வேர்சொல்

முதல் வரி பிஎச்பிக்கு வெறும் கமென்ட். ஆனால் பிஎச்பிஎன்மாட் அதைப் படித்துத்தான் சிம்லிங்குக்கு முன்னால் 30 என்ற எண்ணைப் போடுகிறது. கான்ஃப்.டி ஃபைல்கள் பெயர் வரிசைப்படி லோடு ஆவதால் எது முதலில், எது பிறகு என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. ஒன்றும் எழுதாவிட்டால் 20. பிடிஓ, மைஎஸ்கியூஎல்என்டி இரண்டும் 10-இல் இருப்பதற்குக் காரணம், பின்னால் வரும் பிடிஓ_மைஎஸ்கியூஎல் போன்றவை அவற்றின் தலையில் நிற்பவை என்பதுதான். .எஸ்ஓ என்ற வால் 7.2-இலிருந்து தேவையில்லை.

1 ஜிபி ரேமில் இந்த அளவு சி ஃபைல் பிரச்சினை இல்லாமல் கம்பைல் ஆகும். சி++ கோடு நிறைய உள்ள எக்ஸ்டென்ஷன் என்றால் "கில்டு சிக்னல் டெர்மினேட்டட் ப்ரோகிராம் சிசி1பிளஸ்" என்று நடுவில் செத்துப்போகும். அது கோடின் பிழை இல்லை, மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றது. 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் ஒன்று போட்டு, "மேக் -ஜே1" என்று ஒற்றை வேலையாக ஓட்டுங்கள். அதைவிட நல்லது, அதே உபுண்டு 24.04, அதே பிராசசர் வகை உள்ள வேறு மெஷினில் கம்பைல் செய்து .எஸ்ஓ-வை மட்டும் கொண்டுவருவது. கம்பைலர் இருக்க வேண்டிய இடம் ப்ரொடக்‌ஷன் சர்வர் இல்லை. அப்படிச் செய்தால் "-மார்ச்=நேட்டிவ்" மட்டும் கூடாது. உங்கள் லேப்டாப் பிராசசருக்குத் தெரிந்த கட்டளை விபிஎஸ்-க்குத் தெரியாமல் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று எஃப்பிஎம் ஒர்க்கர் விழும்.


துறைமுகம் (பதில்)

ரெடிஸ் கதை இது. பெக்கில் தான் இன்ஸ்டால் செய்தவற்றை ஒரு ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கும். 8.1-க்குப் போட்டபோது எழுதிய வரி அப்படியே இருக்கு. பிஎச்பி வெர்ஷன் வாரியா அது பிரிச்சு வைக்காது, அதனால்தான் "ஏற்கெனவே இருக்கு" என்ற பதில். -எஃப் போட்டுக் கட்டாயப்படுத்தலாம், டெபியன் வகையில்

சூடோ பெக்கில் -டி பிஎச்பி_சஃபிக்ஸ்=8.3 இன்ஸ்டால் -எஃப் ரெடிஸ்

என்று வெர்ஷனையும் சொல்லலாம். நடுவில் இக்பைனரி (டேட்டாவைச் சேமிக்கும் ஒரு வடிவம்) வேண்டுமா, சுருக்கம் வேண்டுமா என்று கேள்வி கேட்கும், என்டர் தட்டினால் இவற்றுக்கு இல்லை. முடிந்ததும் "ஐஎன்ஐ-யில் எக்ஸ்டென்ஷன் வரியைச் சேர்த்துக்கொள்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். சேர்க்க வேண்டியது நீங்கள்தான்.

ஆனால் ரெடிஸுக்கு இந்தப் பாடே வேண்டாம். "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிஎச்பி-ரெடிஸ்" போதும், பிபிஏ இருந்தால் பிஎச்பி8.3-ரெடிஸ். ஆப்ட்டில் இருக்கும் எதையும் பெக்கிலில் போடாதீர்கள் என்பது என் கட்சி. பெக்கிலில் போட்டதை ஆப்ட் அறியாது. செக்யூரிட்டி அப்டேட் வராது. அடுத்த டிஸ்ட்ரோ அப்கிரேடில் இதே கேள்வியை மறுபடி இங்கே கேட்பீர்கள். ஏற்கெனவே பெக்கில் போட்ட ரெடிஸ் இருந்தால் "பெக்கில் அன்இன்ஸ்டால் ரெடிஸ்" கொடுத்துவிட்டு ஆப்ட்டில் போடுங்கள். பிஎச்பி.ஐஎன்ஐ-யில் கையால் எழுதிய எக்ஸ்டென்ஷன்=ரெடிஸ்.எஸ்ஓ வரியையும் நீக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்திலிருந்தும் லோடு ஆகி "மாட்யூல் ரெடிஸ் இஸ் ஆல்ரெடி லோடட்" என்று ஒவ்வொரு க்ரான் மெயிலிலும் வந்து நிற்கும்.

ஆப்ட்டில் இல்லாததுக்கு இனி பெக்கிலும் வேண்டாம். பிஎச்பி ஃபவுண்டேஷன் 2025-இல் பை என்ற இன்ஸ்டாலரின் 1.0-ஐ வெளியிட்டது, பெக்கிலுக்கு மாற்றாக வந்தது அது. பேக்கஜிஸ்ட் என்ற பிஎச்பி பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து எடுக்கும், எந்த பிஎச்பிக்கு என்று --வித்-பிஎச்பி-கான்ஃபிக் கொடுக்கலாம், முடிந்தால் ஐஎன்ஐ-யையும் அதுவே எழுதும். உள்ளே நடப்பது சிநிரலன் சொன்ன அதே பிஎச்பைஸ், கான்ஃபிகர், மேக்தான், ஆகவே டெவ் பேக்கேஜ் இதற்கும் வேண்டும்.

இக்பைனரி ஆதரவோடு கம்பைல் செய்த ரெடிஸ் என்றால் இக்பைனரி முன்னால் லோடு ஆகணும். தலைகீழானால் "அன்டிஃபைன்ட் சிம்பல்: இக்பைனரி_சீரியலைஸ்" வரும். ரெடிஸின் பிரையாரிட்டி எண்ணை 25 ஆக்கினால் தீர்ந்தது.


மருதநிலம்

நன்றி. சாக்கெட் 8.1 என்றுதான் இருந்தது. 8.3-க்கு மாற்றினேன், இப்போது 502. எரர் லாகில் "/ரன்/பிஎச்பி/பிஎச்பி8.3-எஃப்பிஎம்.சாக் ஃபெய்ல்டு (13: பெர்மிஷன் டினைடு)". ரெடிஸ் ஆப்ட் வழியாக வந்துவிட்டது.

வேர்சொல் கம்பைல் ஆனது, 20230831-தான் காட்டியது. சோதனைக் கட்டளையில் "அன்டிஃபைன்ட் சிம்பல்: எஸ்பி_ஸ்டெம்மர்_நியூ". லிப்ஸ்டெம்மர்-டெவ் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது.


கல்லணை

502-இல் அடைப்புக்குறிக்குள் இருக்கும் நம்பர்தான் முக்கியம். 2 என்றால் சாக்கெட் ஃபைலே இல்லை, எஃப்பிஎம் ஓடலை. 111 என்றால் ஃபைல் இருக்கு, கேட்க ஆள் இல்லை. 13 என்றால் எஃப்பிஎம் நல்லாத்தான் ஓடுது, என்ஜின்எக்ஸ் யூசருக்குக் கதவு திறக்கலை.

உபுண்டுவோட என்ஜின்எக்ஸ் www-டேட்டா யூசரில் ஓடும், எஃப்பிஎம் சாக்கெட்டும் அதே ஆளுக்குத்தான் சொந்தம், அங்கே இந்தப் பிரச்சினை வராது. என்ஜின்எக்ஸ் திட்டத்தின் சொந்த ரெப்போவிலிருந்து போட்டிருந்தா யூசர் பெயர் என்ஜின்எக்ஸ். 8.1-இல் அதுக்கு ஏத்த மாதிரி யாரோ /எட்சி/பிஎச்பி/8.1/எஃப்பிஎம்/பூல்.டி உள்ளே லிசன்.ஓனர், லிசன்.குரூப் ரெண்டையும் மாத்தி வெச்சிருப்பாங்க. 8.3-க்கு வந்தது புது பூல் ஃபைல் (எஃப்பிஎம் ஒர்க்கர்களின் செட்டிங்ஸ்), அந்த மாற்றம் அதில் இல்லை. ரெண்டு ஃபைலையும் டிஃப் போட்டுப் பாருங்க. லிசன்.ஓனர் மட்டுமில்லாம பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன், மெமரி லிமிட், அப்லோடு அளவு எல்லாமே அப்படித்தான் தொலைஞ்சிருக்கும். 1 ஜிபி மெஷினில் மேக்ஸ்_சில்ட்ரன் முக்கியம். பழைய பூல் ஃபைலை அப்படியே காப்பி பண்ணாதீங்க, உள்ளே லிசன் வரியில் 8.1 சாக்கெட் பெயர் இருக்கும்.

0666 பெர்மிஷன் கொடுத்தாலும் வேலை செய்யும்னு எங்கேயாவது படிப்பீங்க. செய்யும். அந்த மெஷினில் இருக்கும் எந்த யூசரும் உங்க பிஎச்பியிடம் நேரடியா வேலை வாங்கலாம் என்பதுதான் அதுக்கு அர்த்தம்.


சிநிரலன்

எஸ்பி_ஸ்டெம்மர்_நியூ லிப்ஸ்டெம்மரின் ஃபங்ஷன். ஹெடர் கிடைத்ததால் கம்பைல் ஆகிவிட்டது. லைப்ரரி லிங்க் ஆகவில்லை. ஷேர்டு ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போது தீராத சிம்பல்களை லிங்கர் குற்றமாக எடுத்துக்கொள்ளாது, லோடு ஆகும் நேரத்தில்தான் வெடிக்கும். உறுதி செய்ய:

எல்டிடி மாட்யூல்ஸ்/வேர்சொல்.எஸ்ஓ

பழைய 20210902 ஃபோல்டரில் உள்ள .எஸ்ஓ-வுக்கும் இதே கட்டளையைக் கொடுங்கள். அதில் லிப்ஸ்டெம்மர்.எஸ்ஓ.0டி என்ற வரி இருந்து புதியதில் இல்லை என்றால், அன்றைக்கு அவர் கட்டளை வரியில் -எல்ஸ்டெம்மர் கொடுத்துக் கட்டியிருக்கிறார், கான்ஃபிக்.எம்4-இல் எழுதவில்லை.

கான்ஃபிக்.எம்4-இல் பிஎச்பி_நியூ_எக்ஸ்டென்ஷன் வரிக்கு மேலே இரண்டு வரி சேர வேண்டும்: பிஎச்பி_ஆட்_லைப்ரரி மேக்ரோவில் ஸ்டெம்மர் என்ற பெயரும் மூன்றாவது இடத்தில் வேர்சொல்_ஷேர்டு_லிப்ஆட் என்ற மாறியும், அடுத்த வரியில் பிஎச்பி_சப்ஸ்ட் மேக்ரோவில் அதே மாறி. இரண்டாவது வரியை விட்டால் மாறியின் மதிப்பு மேக்ஃபைலுக்குப் போகாது, எரர் எதுவும் காட்டாமல் அதே இடத்தில் நிற்பீர்கள். மாறியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், எக்ஸ்டென்ஷன் பெயரில் தொடங்க வேண்டும். எம்4-ஐத் தொட்டதால் மறுபடி --கிளீனில் இருந்து தொடங்குங்கள். மேக் மட்டும் ஓட்டினால் போதாது.

எல்டிஃப்ளாக்ஸ்=-எல்ஸ்டெம்மர் என்று கான்ஃபிகருக்குக் கொடுக்கும் குறுக்கு வழி உபுண்டுவில் பல நேரம் பலிக்காது. அங்கே லிங்கர் --ஆஸ்-நீடட் என்ற முறையில் ஓடுகிறது. ஆப்ஜெக்ட் ஃபைல்களுக்கு முன்னால் வரும் லைப்ரரியை "இதுவரை யாரும் கேட்கவில்லையே" என்று விட்டுவிடும்.

ப்ரொடக்‌ஷனில் டெவ் பேக்கேஜ் இல்லாமல் .எஸ்ஓ-வை மட்டும் வைக்கப் போகிறீர்கள் என்றால், லிப்ஸ்டெம்மர்0டி பேக்கேஜ் அங்கே இருக்க வேண்டும். டெவ்வை ஆட்டோரிமூவ் செய்யும்போது அதுவும் சேர்ந்து போகாமல் இருக்க "ஆப்ட்-மார்க் மேனுவல் லிப்ஸ்டெம்மர்0டி".


இரவுக்குறி (பதில்)

டாக்கர் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால்.

அதிகாரபூர்வ பிஎச்பி இமேஜில் பிஎச்பி சோர்ஸிலிருந்து /யுஎஸ்ஆர்/லோக்கல் உள்ளே கட்டப்பட்டது. ஆப்ட்டில் பிஎச்பி8.3-இன்டல் கேட்டால் கிடைக்காது; டெபியனின் பிஎச்பி பேக்கேஜ்களைத் தடுக்கும் பின் ஃபைல் ஒன்றை இமேஜிலேயே வைத்திருக்கிறார்கள். அந்த ஃபைலை அழித்தால் ஆப்ட் சந்தோஷமாக இன்னொரு பிஎச்பியை இறக்கும், இன்டல் அதற்குத்தான் போகும், உங்கள் பிஎச்பிக்கு வராது. அங்கே வழி:

ஆப்ட்-கெட் இன்ஸ்டால் லிப்ஐசியு-டெவ்
டாக்கர்-பிஎச்பி-எக்ஸ்ட்-இன்ஸ்டால் இன்டல்

பிஎச்பி சோர்ஸோடு வருபவற்றுக்கு மட்டும் இது. ரெடிஸ் வெளியிலிருந்து வருவது. அதற்கு பெக்கிலோ பையோ, பிறகு டாக்கர்-பிஎச்பி-எக்ஸ்ட்-எனேபிள் ரெடிஸ். வேர்சொல்லுக்கு சிநிரலனின் வரிசையே, ஆனால் 8.3 என்ற வால் கிடையாது, ஒரே பிஎச்பிதான் இருக்கிறது. ஜிடி (படங்களுக்கான எக்ஸ்டென்ஷன்) போடுவதானால் கான்ஃபிகரில் --வித்-ஃப்ரீடைப் --வித்-ஜேபெக் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் ஜிடி லோடு ஆகும், பிஎன்ஜி படிக்கும், ஜேபெக்கும் எழுத்துருவும் மட்டும் இருக்காது.

டெவ் பேக்கேஜை அதே ரன் படியில் நீக்கி இமேஜைச் சுருக்கும்போது லிப்ஐசியு-வும் சேர்ந்து போய்விடக்கூடாது. போனால் "லிப்ஐசியுஐஓ.எஸ்ஓ: கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்".

ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸில் கட்டிய இமேஜ் என்றால் தமிழ் சைட்டுக்கு ஒரு பொறி. ஆல்பைனில் 3.16 முதல் ஐசியு டேட்டாவைப் பிரித்துவிட்டார்கள். இயல்பாக வருவது ஆங்கிலம் மட்டுமே உள்ள ஐசியு-டேட்டா-என். இன்டல் லோடு ஆகும், -எம் பட்டியலில் தெரியும், எரர் எதுவும் வராது. தேதியைத் தமிழில் கேட்டால் மட்டும் மாதப் பெயர் ஆங்கிலத்தில் வரும். ஐசியு-டேட்டா-ஃபுல் பேக்கேஜைச் சேர்த்தால் சரி. இன்டல் இருக்கிறதா என்று சோதிக்கும் ஸ்கிரிப்டில் மாட்யூல் பெயரோடு தமிழ் மாதப் பெயர் ஒன்றையும் கேட்டு வைப்பது நல்லது.

இன்னொன்று, கேள்வியில் எழுத்து எண்ணுவது என்று இருந்ததால். "தமிழ்" என்ற சொல்லுக்கு எஸ்டிஆர்லென் 15 தரும், எம்பி_எஸ்டிஆர்லென் 5, கிராஃபீம்_எஸ்டிஆர்லென் 3. மூன்றாவதுதான் விளையாட்டுக்கு வேண்டியது. ஆனால் இந்த ஒன்றுக்காக மட்டும் என்றால் இன்டல் கட்டாயமில்லை: பிஎச்பியோடு எப்போதும் இருக்கும் பிசிஆர்இ-யில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) ப்ரெக்_மேட்ச்_ஆல் ஃபங்ஷனுக்கு பேட்டர்னாக பேக்ஸ்லாஷும் பெரிய எக்ஸும், கூடவே யூ ஃப்ளாகும் கொடுத்தால் அதே 3 வரும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் இன்டல் தராத இடத்தில் இது கைகொடுக்கும். இரண்டு வழியிலும் "க்ஷ" 2 என்றுதான் வரும், ஏனென்றால் யூனிகோடு விதிப்படி புள்ளியோடு ஒரு துண்டு முடிகிறது. கட்டத்தில் அது ஒரே எழுத்தாக நிற்க வேண்டும் என்றால் பேட்டர்னில் அதைத் தனியாக முன்னால் வையுங்கள்.

அகரவரிசைக்கு இன்டல் வேண்டும்தான். வெறும் சார்ட் யூனிகோடு எண் வரிசைப்படி போவதால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற வந்துவிடும். கொலேட்டர் கிளாஸுக்கு தமிழ் லோகேல் கொடுத்தால் ன கடைசிக்குப் போகும்.


மருதநிலம்

லிசன்.ஓனர்தான், சரியாகிவிட்டது. எம்4 இரண்டு வரி சேர்த்ததும் வேர்சொல்லும் வந்தது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரு டெஸ்ட் சைட் இருக்கிறது, அங்கே .யூசர்.ஐஎன்ஐ-யில் எக்ஸ்டென்ஷன் வரி எழுதி வேர்சொல்லை லோடு செய்ய முடியுமா?


கல்லணை

முடியாது. எக்ஸ்டென்ஷன் வரிக்கு இடம் முதன்மை பிஎச்பி.ஐஎன்ஐ-யும் கான்ஃப்.டி ஃபைல்களும். .யூசர்.ஐஎன்ஐ, ஐஎன்ஐ_செட், .எச்டிஆக்சஸ் மூணிலும் எழுதினா வேலை செய்யாது. டிஎல் ஃபங்ஷன் எஃப்பிஎம்மில் 7.0-இலேயே எடுத்தாச்சு. கன்ட்ரோல் பேனலில் பிஎச்பி வெர்ஷன் தேர்வு பண்ற பக்கத்தில் டிக் பாக்ஸ் பட்டியல் இருந்தா அதில் உள்ளவை மட்டும் கிடைக்கும், அங்கே இன்டல் பெரும்பாலும் இருக்கும், சொந்த .எஸ்ஓ போட வழியில்லை. டெஸ்ட் சைட்டில் வேர்சொல் இல்லாட்டி விழாம இருக்க எக்ஸ்டென்ஷன்_லோடட் போட்டுப் பிரிச்சுக்கோங்க.

கம்போசர் (பிஎச்பி லைப்ரரிகளை இறக்கும் கருவி) படிக்கிற கம்போசர்.ஜேசனின் ரிக்வயரில் எக்ஸ்ட்-இன்டல், எக்ஸ்ட்-ரெடிஸ் ரெண்டையும் எழுதி வையுங்க. கம்போசர் பார்க்கிறது சிஎல்ஐ-யை என்பதால் டிப்ளாய் ஸ்கிரிப்டில் எஃப்பிஎம்8.3 -எம் வெளியீட்டையும் கிரெப் பண்ணணும். இல்லேன்னா முதல் போஸ்ட்டில் இருந்த அதே சிக்கல் கம்போசரைத் தாண்டி வந்துடும்.

8.1 பேக்கேஜ்களை இப்போ நீக்கிடலாம். அதுக்கான செக்யூரிட்டி ஆதரவு 2025 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. "சூடோ ஆப்ட் பர்ஜ்" கட்டளையில் php8.1-* பேட்டர்னை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்க, ஒய் அழுத்துறதுக்கு முன்னால் பட்டியலில் 8.3 எதுவும் கலந்திருக்கான்னு பாருங்க. பர்ஜ் பூல்.டி ஃபைல்களையும் எடுத்துட்டுப் போயிடும், டிஃப் முழுசா முடிஞ்ச பிறகு செய்யுங்க. சோதனைக்கு பிஎச்பிஇன்ஃபோ பக்கம் ஏதாவது வெப் ரூட்டில் வெச்சிருந்தா அதையும் அழிச்சிடுங்க.